துடுப்பில்லாத ஒன்பதாவது ஆள்

பிள்ளைகளே, ஒரு போட்டிப் படகைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீளம் ஏறத்தாழ 18 மீற்றர். அகலமோ ஓர் ஆள் அமரக்கூடிய அளவுதான். எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து, ஆளுக்கொரு துடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்து வலிக்கிறார்கள். எல்லாரும் நெடிய, திடகாத்திரமான ஆட்கள்.

படகின் பின்பகுதியில் ஒன்பதாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சிறிய உருவம். கையில் துடுப்பு இல்லை. போட்டி தொடங்கி முடியும் வரை ஒரு தடவைகூட அவர் வலிப்பதில்லை. ஆனால் அணி வென்றால் மற்ற எட்டுப் பேருக்கும் கிடைக்கிற அதே பதக்கம் அவருக்கும் கிடைக்கிறது.

வலிக்காத ஒருவரை ஏன் சுமந்துகொண்டு போகவேண்டும்? அவரை இறக்கிவிட்டால் பாரம் குறையுமே, படகு இன்னும் வேகமாகப் போகுமே என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல கேள்விதான். அதற்கு விடை தேடிப் போனால் மிதப்பு, நீரின் தடை, சக்தி, நியூற்றனின் விதி என்று உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தின் பாதிப் பாடங்கள் வழியில் வந்து நிற்கும்.

அந்த ஒன்பதாவது ஆளை ஆங்கிலத்தில் ‘காக்ஸ்’ என்பார்கள். நம் மொழியில் சுக்கானி.

எட்டுப் பேருக்கும் முதுகுப் பக்கம் பாதை

உடம்பில் மிகப் பலமான தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. போட்டிப் படகில் துடுப்பு வலிப்பது கையால் மட்டும் அல்ல. காலை மடக்கி, பலகையில் பாதத்தை ஊன்றி, உதைத்து நிமிர்ந்துதான் வலிக்கவேண்டும். அதற்காகவே இருக்கைகளுக்குச் சிறு உருளைகள் பூட்டி, தண்டவாளம் போன்ற சட்டத்தில் முன்னும் பின்னும் ஓடவிட்டிருக்கிறார்கள். இப்படிக் காலால் உதைத்து வலிக்க வேண்டுமானால், படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்.

ஆக, எட்டுப் பேருக்கும் வந்த வழி தெரியும். போகும் வழி தெரியாது. முன்னோக்கிப் பார்க்கும் ஒரே இரண்டு கண்கள் காக்ஸினுடையவை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் மாசிமகத் தேரோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் வீதி முடக்கில் தேரைத் திருப்புவது அவர்கள் பலம் மட்டும் அல்ல. சில்லுக்கு அடியில் சரியான நேரத்தில், சரியான பக்கத்தில் கட்டை கொடுப்பவரின் கண்ணும் கணிப்பும் அதில் இருக்கின்றன. அவர் வடத்தைத் தொடுவதே இல்லை. படகில் காக்ஸின் வேலையும் அப்படிப்பட்டதுதான்.

55 கிலோவின் விலை

காக்ஸைச் சுமப்பதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

எட்டுப் பேர் படகின் எடை 96 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. வலிப்பவர் ஒருவர் 90 கிலோ என்று வைத்துக்கொண்டால் எட்டுப் பேருக்கு 720 கிலோ. காக்ஸ் 55 கிலோ. மூன்றையும் கூட்டினால் 871. அதாவது காக்ஸ் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு.

ஆர்க்கிமிடீஸ் என்ன சொன்னார்? மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும். 55 கிலோ கூடினால் படகு இன்னும் 55 லீற்றர் நீரை விலக்கவேண்டும். அதற்காகச் சற்று ஆழமாக அமிழும். அமிழ அமிழ, படகின் உடலில் நனையும் பரப்பு கூடும். போட்டிப் படகைப் பின்னுக்குப் பிடித்திழுக்கும் தடையில் பெரும்பங்கு, அந்த நனைந்த பரப்பில் நீர் உராய்வதால் வருவது. ஆகவே பாரம் கூடினால் தடையும் கூடும்.

இதைக் கண்டுகொண்டவர்கள் ஒரு காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். இரண்டு பேர் வலிக்க ஒருவர் சுக்கான் பிடிக்கும் போட்டி. நெதர்லாந்தின் பிரான்சுவா பிராண்ட், ரோலொஃப் கிளைன் இருவரும், தங்கள் காக்ஸ் ஹெர்மானுஸ் புரொக்மன் பாரம் கூடியவர் என்று நினைத்தார்கள். இறுதிப் போட்டிக்கு அவரை விட்டுவிட்டு, பாரிஸிலேயே ஒரு சிறுவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். செயின் நதியில் நடந்த அந்தப் போட்டியில் 0.2 செக்கன் வித்தியாசத்தில் வென்றார்கள். வீரர்கள் இருவருக்கும் நடுவே அந்தச் சிறுவன் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அவன் பெயரை மட்டும் அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வயதில், அல்லது அதற்கும் குறைந்த வயதில், ஒலிம்பிக் வென்ற ஒரு பிள்ளையின் பெயர் பதிவில் இல்லாமல் போனது எத்தனை பெரிய அநியாயம்!

இப்போது அப்படிச் செய்ய முடியாது. காக்ஸ் குறைந்தது 55 கிலோ இருக்கவேண்டும். குறைந்தால், மணல் பை போன்ற ஒரு சுமையைப் படகில் வைத்து ஈடு செய்யவேண்டும். அந்தச் சுமையும் 15 கிலோவுக்கு மேற்படக் கூடாது. எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்து பாரத்தைக் குறைப்பதால் யாருக்கும் இலாபம் இல்லாதபடி விதி அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைக் காக்கும் நல்ல விதி அது.

எல்லாருக்கும் ஒரே பாரம் என்று ஆகிவிட்ட பிறகு, காக்ஸ்களுக்குள் வித்தியாசம் எதில்? அவர்கள் செய்யும் வேலையில்.

நேர்கோட்டின் கணக்கு

முதல் வேலை, நேராகக் கொண்டு போவது. போட்டித் தூரம் 2000 மீற்றர். படகு வழி முழுவதும் 5 பாகை இடமும் வலமும் மாறி மாறி விலகிப் போனால் எவ்வளவு தூரம் கூடும்? திரிகோண கணிதம் படித்த அண்ணாவையோ அக்காவையோ கேட்டுப் பாருங்கள். விடை ஏறக்குறைய 7.6 மீற்றர்.

இவ்வளவுதானா என்கிறீர்களா? 2023 செப்டெம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பாருங்கள். ஆண்கள் எட்டுப் பேர் படகில் சீனா 5 நிமிடம் 40.17 செக்கனில் வந்து தங்கம் வென்றது. இந்தியா 5 நிமிடம் 43.01 செக்கனில் வந்து வெள்ளி வென்றது. இந்திய அணியின் காக்ஸ் தனஞ்செய் உத்தம் பாண்டே. வித்தியாசம் 2.84 செக்கன். இந்தியப் படகின் சராசரி வேகம் செக்கனுக்கு 5.83 மீற்றர். இரண்டையும் பெருக்கினால் 16.6 மீற்றர். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு படகு நீளம்கூட இல்லை! 7.6 மீற்றர் அதில் ஏறக்குறைய பாதி. இப்போது சொல்லுங்கள், அது சின்னத் தூரமா?

சரி, நேராகப் போகச் சுக்கானைத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதாதா? அங்கேதான் சங்கடம். சுக்கான் என்பது படகின் அடியில் பொருத்திய ஒரு சிறு தகடு. அது நேராக இருக்கும்போது நீரைக் கிழித்துக்கொண்டு போகும். சற்றுத் திருப்பினால் ஓடிவரும் நீர் அதன் ஒரு பக்கத்தில் மோதித் தள்ளும். படகின் பின்பகுதி மறுபக்கம் நகரும், முன்பகுதி திரும்பும். ஆனால் மோதும் நீர் படகின் வேகத்தையும் குறைக்கிறது. சுக்கானைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு பிரேக் பிடிப்பதுதான்.

அதனால் தேர்ந்த காக்ஸ் சுக்கானை மிகக் குறைவாகத் திருப்புவார். படகு விலகிய பிறகு திருத்துவதில்லை. விலகப்போவதை முன்னரே கண்டு, விரல் நகர்த்தும் அளவுக்குத் திருத்துவார். பக்கக் காற்று எங்கிருந்து வருகிறது, தொலைவில் எந்தப் புள்ளியைக் குறியாக வைப்பது என்று கண் வேலை செய்துகொண்டே இருக்கும். நீண்ட படகு சொன்னவுடன் திரும்பாது என்பதால், இப்போது செய்வதன் பலன் அடுத்த வலிப்பிலோ அதற்கு அடுத்த வலிப்பிலோதான் தெரியும். புதியவர்கள் பலன் தெரியவில்லையே என்று மேலும் திருப்பி, படகைப் பாம்புபோல் ஓடவைத்துவிடுவார்கள்.

ஒரே வேகத்தின் இலாபம்

இரண்டாவது வேலை, சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்க வைப்பது.

நீரின் தடைக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை எதிர்த்து ஓடத் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். வேகத்தைப் பத்து வீதம் கூட்டவே, வலு முப்பத்து மூன்று வீதம் கூடவேண்டும்.

இப்போது இரண்டு படகுகள். முதல் படகு, முதல் 1000 மீற்றரைச் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் பாய்ந்து கடக்கிறது. களைத்துப்போய், அடுத்த 1000 மீற்றரை 5 மீற்றர் வேகத்தில் முடிக்கிறது. மொத்த நேரம் ஏறத்தாழ 367 செக்கன். இரண்டாவது படகு அதே நேரத்தில் முடிக்கவேண்டும்; ஆனால் முழுத் தூரமும் ஒரே வேகம், ஏறத்தாழ 5.45 மீற்றர்.

தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. செலவான சக்தியை ஒப்பிட, வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கிப் பார்க்கலாம். முதல் படகுக்கு 36 × 1000, அதனோடு 25 × 1000, கூட்டினால் 61,000. இரண்டாவது படகுக்கு 29.75 × 2000, அது 59,500. நேரம் ஒன்றே. ஆனால் முதல் படகு இரண்டரை வீதம் கூடுதலாகச் சக்தியை வீணாக்கிவிட்டது.

போட்டி தொடங்கியதும் பக்கத்துப் படகு முந்துவதைக் கண்டால் வலிப்பவர்களுக்கு இரத்தம் கொதிக்கும். அந்த நேரத்தில் “பொறு, இன்னும் பொறு” என்று அவர்களைக் கட்டுப்படுத்துவதும், கடைசி 300 மீற்றரில் “இப்போது!” என்று அவிழ்த்துவிடுவதும் காக்ஸின் குரல்தான். நடுவில் எந்தப் படகு எங்கே என்று முன்னால் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவரே.

துடுப்பு மேலே இருக்கும்போது என்ன நடக்கிறது?

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படகு எப்போது மிக வேகமாகப் போகும்? துடுப்பு நீருக்குள் இருந்து வலிக்கும்போது என்றுதான் எல்லாரும் சொல்வீர்கள். உண்மையில் எல்லாத் துடுப்புகளும் நீருக்கு மேலே இருக்கும்போதுதான் படகின் உடல் மிக வேகமாகப் போகிறது!

காரணம் நியூற்றனின் மூன்றாம் விதி. ஒரு வலிப்பு முடிந்ததும் எட்டுப் பேரும் அடுத்த வலிப்புக்காக முழங்காலை மடக்கி, உருளும் இருக்கையோடு படகின் பின்பகுதியை நோக்கி நகர்கிறார்கள். 720 கிலோ ஒரு பக்கம் நகர்ந்தால், பாரம் குறைந்த படகு மறுபக்கம், அதாவது முன்னோக்கி, விரைந்து ஓடும். அவர்கள் பாதத்தால் படகைத் தங்களுக்கு அடியில் முன்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். உருண்டையான பென்சில்கள் நான்கை மேசையில் இணையாக வையுங்கள். அவற்றின் மேல் ஒரு தடித்த அட்டை. அட்டையின் மேல் சாவி கொடுத்த பொம்மைக் கார். காரை விடுங்கள். கார் முன்னே ஓடும். அட்டை பின்னே ஓடும். காரின் பாரத்தைக் கூட்டி, அட்டையின் பாரத்தைக் குறைத்தால் அட்டையின் ஓட்டம் இன்னும் நன்றாகத் தெரியும். கார்தான் வலிப்பவர்கள், அட்டைதான் படகு.

எட்டுப் பேரும் அவசரமாகப் பின்னே பாய்ந்து வந்து சட்டென்று நின்றால், அந்த அதிர்ச்சி படகை உதைத்து நிறுத்தும். நிதானமாக, ஒன்றாக வந்தால் படகு வழுக்கிக்கொண்டே போகும். இந்த வித்தியாசத்தைக் காக்ஸ் கண்ணால் பார்ப்பதில்லை, முதுகால் உணர்கிறார். தன் இருக்கையின் பின்தட்டு ஒவ்வொரு வலிப்பிலும் முதுகில் தரும் அழுத்தத்தை வைத்தே, படகு இலகுவாக ஓடுகிறதா, தடுக்கித் தடுக்கிப் போகிறதா என்று சொல்லிவிடுவார்.

காந்தமும் சுழியும்

தலைமை வலிப்பாளர், அதாவது காக்ஸுக்கு நேர் எதிரே முகம் பார்த்து அமர்ந்திருப்பவர், வலிக்கும் தாளத்தைத்தான் மற்ற ஏழு பேரும் பின்பற்றுகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை வலிப்பு என்று காக்ஸ் எப்படி அறிகிறார்? அந்த இருக்கைக்கு அடியில் ஒரு சிறு காந்தம் ஒட்டியிருக்கும். இருக்கை ஓடும்போது காந்தம் ஓர் உணரியைக் கடந்து போகும். கடக்கும் இடைவெளியை அளந்து காக்ஸின் முன்னுள்ள சிறு கருவி எண்ணைக் காட்டும். அதே கருவி அவரது குரலையும் பெருக்கி, இருக்கைகளுக்கு அருகில் உள்ள ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும். இக்கருவி வருமுன் காக்ஸ்கள் ஒரு கூம்புக் குழாயை வாயோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு கத்தினார்கள்.

கருவி சொல்லாததை நீர் சொல்லும். துடுப்பு நீரைவிட்டு எழும் இடத்தில் ஒரு சுழி உண்டாகும். ஒரு வலிப்பின் சுழிக்கும் அடுத்த வலிப்பின் சுழிக்கும் நடுவே உள்ள தூரம்தான் அந்த ஒரு வலிப்பில் படகு ஓடிய தூரம். வலிப்பு எண்ணிக்கை மாறாமல் சுழிகளின் இடைவெளி குறுகினால், ஆட்கள் களைத்துவிட்டார்கள் என்று பொருள். ஆழமான, இறுகிய சுழி நல்ல வலிப்பின் அடையாளம். நுரையும் குமிழியுமாகச் சிதறினால் துடுப்பு சரியாக அமிழவில்லை. இதையெல்லாம் பார்த்து, அந்தந்த ஆளைப் பெயரோடு அழைத்து, ஓரிரு சொல்லில் திருத்தவேண்டும். நீண்ட வசனம் பேச நேரம் இல்லை. நிமிடத்துக்கு 40 வலிப்பு என்றால் ஒரு வலிப்புக்கு ஒன்றரைச் செக்கன்தான்.

எட்டு ஒலிம்பிக் கண்டவர்

இந்த வேலையில் உலகம் வியந்த ஒருவர், கனடாவைச் சேர்ந்த லெஸ்லி தொம்சன்-வில்லி. 1959இல் பிறந்தவர். பாடசாலையில் நூலகப் பொறுப்பாசிரியராகப் பணி செய்தவர். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நால்வர் படகின் காக்ஸாக வெள்ளி வென்றார். 1992இல் பார்சிலோனாவில் எட்டுப் பேர் படகில் தங்கம். 1996இல் வெள்ளி, 2000இல் வெண்கலம். 2012இல் லண்டனில் மீண்டும் வெள்ளி; அப்போது அவருக்கு 52 வயது! 2016இல் ரியோவிலும் போட்டியிட்டார். மொத்தம் எட்டு ஒலிம்பிக், ஐந்து பதக்கங்கள்.

அவரோடு முதலில் வலித்தவர்கள் ஓய்வுபெற்றார்கள். பின்னர் வந்து வலித்தவர்களில் பலர் 1984இல் பிறந்தே இருக்கவில்லை. தசையின் பலம் வயதோடு குறையும். கணிப்பும் நிதானமும் அனுபவமும் வயதோடு கூடும். காக்ஸுக்கு வேண்டியவை பின்னவைதாம். 2017 முதல் காக்ஸ் விதியில் ஒரு மாற்றமும் வந்தது: ஆண்கள் படகுக்குப் பெண்ணும், பெண்கள் படகுக்கு ஆணும் காக்ஸாக இருக்கலாம்.

எல்லாப் படகிலும் காக்ஸ் இருப்பதில்லை. தனி ஆள் படகில் வலிப்பவரே தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்துக்கொள்வார். இன்று ஒலிம்பிக்கில் காக்ஸோடு போகும் ஒரே படகு எட்டுப் பேர் படகுதான். ஆட்களும் நீளமும் கூடக்கூட அவர் இல்லாமல் முடியாது.

நம் பக்கத்து நீரில்

இது தூரதேசத்து விளையாட்டு என்று நினைக்காதீர்கள். கொழும்பு படகோட்டக் கழகம் 1864இல் தொடங்கியது. பேர வாவியில் இன்றும் அதன் படகுகள் ஓடுகின்றன. சென்னையில், இன்று அடையாற்றங்கரையில் உள்ள படகோட்டக் கழகம் 1867இல் தோன்றியது. இந்த இரண்டு கழகங்களும் 1898 முதல் ஒன்றோடொன்று போட்டியிட்டு வருகின்றன.

கேரளத்தில் ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் 1952 முதல் நேரு கிண்ணப் போட்டி நடக்கிறது. நூறு அடிக்கும் மேல் நீளமான பாம்புப் படகில் ஏறத்தாழ நூறு பேர் வலிக்கிறார்கள். உயர்ந்து நிற்கும் பின்பகுதியில் நின்று நீண்ட துடுப்பால் சிலர் திசை திருப்புகிறார்கள். நடுவில் நிற்பவர்கள் தடியால் பலகையை இடித்துத் தாளம் கொடுக்கிறார்கள். ஒரு காக்ஸ் தனியே செய்யும் வேலைகளை அங்கே பலர் பகிர்ந்து செய்கிறார்கள். படகு எவ்வளவு வேறாக இருந்தாலும், வலிக்காமல் வழியும் தாளமும் காப்பவர்கள் இல்லாமல் அதுவும் ஓடாது.

நமது மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை. ஆனால் நீருக்குக் குறைவில்லை. நகரைத் தொட்டுப் போகும் சுதுகங்கை, அம்பன் கங்கை, போவத்தென்ன நீர்த்தேக்கம், தம்புள்ளைக்கு அருகே கண்டலமைக் குளம், 2017இல் நீர் நிரப்பத் தொடங்கிய மொரகஹகந்த நீர்த்தேக்கம் என்று எத்தனை! பெரியவர் துணையில்லாமல் இவற்றில் இறங்காதீர்கள். ஆழமும் சுழலும் முதலையும் உள்ள இடங்கள் உண்டு. முதலில் நீச்சல் பழகுங்கள். காக்ஸுக்கும் அதுதான் முதல் பாடம். வென்ற அணி தன் காக்ஸைத் தூக்கித் தண்ணீரில் வீசுவது உலகமெங்கும் உள்ள வழக்கம்; நீந்தத் தெரியாவிட்டால் வெற்றியைக்கூடக் கொண்டாட முடியாது.

வகுப்பில் நான்தான் சிறியவன், விளையாட்டுக்கு என்னை யாரும் சேர்ப்பதில்லை என்று வருந்தும் பிள்ளை இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உனக்குச் சொல்கிறேன்: விளையாட்டில் பலத்துக்கு இருக்கும் இடம் கூர்ந்த பார்வைக்கும் கணக்குக்கும் பதறாத குரலுக்கும் இருக்கிறது. பலம் உள்ள எட்டுப் பேர் தங்கள் முதுகை நம்பி ஒப்படைக்கிற ஆளாக நீ வரலாம்.

இனி உங்கள் முறை. ஒரு படகு செக்கனுக்கு 5.83 மீற்றர் வேகத்தில் போகிறது. நிமிடத்துக்கு 38 வலிப்பு. அப்படியானால் ஒரு சுழிக்கும் அடுத்த சுழிக்கும் நடுவே எத்தனை மீற்றர்? 2000 மீற்றரை முடிக்க மொத்தம் எத்தனை வலிப்பு? கணக்குக் கொப்பியை எடுங்கள். விடை கிடைத்ததும், அந்த எண்ணிக்கை முழுவதும் ஒன்றுகூடப் பிசகாமல் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சொல்லைச் சொல்ல எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.